பிரெசிபிடேஷன்: விழுவதும், விழுந்த பிறகும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், முற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் வேதிப் பொறியியல் துறையின் முன்னாள் மாணவர். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணிபுரிகிறார்.)



என்ன தலைப்பில் பேசுகிறாய் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் சார்" என்றேன். "தமிழ்ச் சொல்லா?" என்றார். "இல்லை, பிரெசிபிடேஷன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சாப்பாட்டுக்கு முன்னால இருபது நிமிஷம்தான் இருக்கு, பார்த்துக்கோங்க" என்றார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சொல் நம் கல்லூரியில் குறைந்தது நான்கு துறைகளில் புழங்குகிறது. வேதியியல்காரர்களுக்கு அது வீழ்படிவு. சிவில் துறையில் நீரியல் படிப்பவர்களுக்கு அது மழை. மின் நிலையத்தில் வேலை செய்யும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு அது புகைபோக்கிக்கு முன்னால் நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உலோகவியல் படித்தவர்களுக்கு அது அலுமினியத்தைக் கடினமாக்கும் வித்தை. நான்கு துறையும் ஒரே சொல்லைச் சொல்கின்றன; ஒரு துறை சொல்வது இன்னொரு துறையின் காதில் வேறாக விழுகிறது. பொறியாளனாகப் பதினைந்து வருடம் இந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் விழுவதை மட்டும் சொல்கிறது. விழுந்தது எங்கே கிடக்கும், யார் எடுப்பார்கள் என்பதைச் சொல்வதில்லை. நம் நாட்டில் பல தொல்லைகள் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கின்றன.

தலைகுப்புற விழுதல்

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீன் மொழியில் 'பிரை' என்றால் முன்னால். 'காபுட்' என்றால் தலை. இரண்டும் சேர்ந்தது 'பிரைகெப்ஸ்', அதாவது தலை முன்னால் போக விழுதல். நம்ம ஊரில் தலைகுப்புற விழுந்தான் என்கிறோமே, அதேதான். 'காபுட்' என்ற அந்தத் தலை வேறு இடங்களிலும் எட்டிப்பார்க்கிறது. கிரிக்கெட் அணியின் கேப்டன் அந்தத் தலையில் பிறந்தவர். 'பெர் கேபிடா' வருமானமும் அப்படியே. அதை நாம் 'தலா' வருமானம் என்கிறோம். இரண்டு மொழியும் தலையை எண்ணித்தான் கணக்குப் போட்டிருக்கின்றன.

தலைகுப்புற விழுபவன் யோசித்து விழுவதில்லை. அதனால் இந்தச் சொல்லுக்கு அவசரம் என்ற பொருளும் வந்தது. ஆங்கிலத்தில் 'பிரெசிபிடேட்' முடிவு என்றால் அவசர முடிவு. மருத்துவர்களும் வைத்திருக்கிறார்கள்: வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதற்குப் 'பிரெசிபிடேட் லேபர்' என்று பெயர். செங்குத்தான மலை விளிம்புக்கு 'பிரெசிபிஸ்'. எல்லாம் ஒரே குடும்பம்.

தமிழ் இந்த ஒரே சொல்லுக்கு ஒரே சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. அது நல்லதுதான். வேதியியலுக்கு வீழ்படிவு என்றும், புவியியலுக்குப் பொழிவு என்றும் நம் பாடநூல்கள் பிரித்துக்கொண்டன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மழை, பனி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் 'படிவு வீழ்ச்சி' என்கிறார்கள். பாருங்கள், சோதனைக்குழாயில் வீழ்படிவு, வானத்தில் படிவு வீழ்ச்சி. சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் வேதியியல் புவியியலாகிவிடுகிறது. ஆனால் நம் முன்னோர் செய்த இந்தச் சொல்லாக்கத்தில் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. வீழ்படிவு என்பதில் வீழ்வதும் இருக்கிறது, படிவதும் இருக்கிறது. லத்தீன்காரன் விழுவதோடு நிறுத்திக்கொண்டான். தமிழ் ஆசிரியர் விழுந்தது படியவும் வேண்டுமே என்று சேர்த்துவிட்டார். என் பேச்சின் பாதி அந்தப் 'படிவு' என்ற மூன்று எழுத்துக்குள் அடக்கம்.

தாங்க முடியாதபோது

வீழ்படிவு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது உப்புப் பகுப்பாய்வு. சில்வர் நைட்ரேட்டை விட்டதும் வரும் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. காரீய உப்பில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள். சூடுபடுத்தினால் கரைந்து, ஆறவிட்டால் தங்கத் தூள் போல மினுமினுத்துத் திரும்பி வரும். வேதியியல் பிடிக்காதவர்கள்கூட அந்த ஒரு சோதனையை இன்னொரு தடவை செய்து பார்த்திருப்பார்கள்.

அங்கே என்ன நடக்கிறது? ஒரு நீருக்கு ஒரு பொருளை இவ்வளவுதான் சுமக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தாண்டும்போது அது கீழே இறக்கி வைத்துவிடுகிறது. சூத்திரமாகச் சொன்னால், அயனிப் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்ட வேண்டும். வீட்டுப் பாஷையில் சொன்னால், தாங்க முடியாதபோது இறக்கி வைக்கும்.

ஆனால் வரம்பு தாண்டினால் மட்டும் போதாது. உட்கார ஒரு இடம் வேண்டும். கற்கண்டு செய்பவர்களைக் கேளுங்கள். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஆறவிட்டு அதில் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகு முழுக்கச் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் படிகம் முதலில் அந்த நூலைத்தான் தேடிப் பிடிக்கும். கற்கண்டைக் கடிக்கும்போது நடுவில் நூல் வருவது அதனால்தான். விஞ்ஞானத்தில் இதற்குக் கரு என்று பெயர். தாங்க முடியாத சுமை, உட்கார ஒரு கரு: இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா இடத்திலும் இவை இரண்டுதான்.

வெந்நீர் அண்டாவின் உள்ளே படியும் வெள்ளைப் படிவம் இதே கதை. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீரைக் கொதிக்க வைத்ததும் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கீசர் காயில் ஒரு விரல் கனத்துக்கு அது ஏறிவிட்டால் கரண்ட் பில்லும் ஏறும். சிறுநீரகக் கல்லும் பெரும்பாலும் இதே கதைதான். அங்கே படிவது கால்சியம் ஆக்சலேட். நல்லாத் தண்ணி குடியுங்க என்று டாக்டர் சொல்வதன் பொருள், கரைசலை வரம்புக்குக் கீழே வைத்திருங்கள் என்பதே.

வானம் இறக்கி வைப்பது

இப்போது சோதனைக்குழாயை விட்டு வானத்துக்குப் போவோம். காற்றுக்கும் ஒரு சுமை வரம்பு உண்டு. சூடான காற்று அதிக நீராவியைச் சுமக்கும். மேலே போய்க் குளிர்ந்தால் சுமக்க முடியாது. ஆனால் தூசியே இல்லாத சுத்தமான காற்றை எடுத்துக்கொண்டால், வரம்பை நான்கு மடங்கு தாண்டினாலும் துளி உண்டாகாமல் அடம்பிடிக்கும் என்று சோதனைகள் காட்டின. கடல் உப்பு, மண் தூசி, புகை என்று எதாவது ஒரு கரு வேண்டும். கற்கண்டுக்கு நூல் போல மேகத்துக்குத் தூசி.

மேகத்தில் இருக்கும் ஒரு சராசரித் துளி மிகச் சிறியது. சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உறைந்த கரியமில வாயுவைக் கொண்டும், பெர்னார்ட் வானகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் மேகத்தில் செயற்கையாகக் கரு விதைக்க முடியும் என்று காட்டினார்கள். அதைக் கேட்டு உலகம் முழுக்க விமானத்தில் ஏறி மேகத்தைத் துரத்தினார்கள். நம் தமிழ்நாட்டு அரசும் 1980களிலும் 1993-94லும் துரத்திப் பார்த்தது. விழ வைப்பதில் நமக்கு எப்போதுமே ஒரு ஆசை.

விழுந்ததை எப்படி அளக்கிறோம்? மில்லிமீட்டரில். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் 294 மில்லிமீட்டர் பதிவானது. தாம்பரத்தில் 490க்கும் மேல். நுங்கம்பாக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஆக ஒரு கிரவுண்டு மனையில் ஒரே நாளில் சுமார் 65,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியாக எண்ணினால் ஐந்தரை லாரித் தண்ணீர், ஒரு மனைக்கு. அத்தனையும் இலவசமாக வீட்டு வாசலில் வந்து கொட்டியது. எங்கே போனது? அடையாற்றில், வீட்டுக்குள், கடலில். மூன்றரை வருடம் கழித்து 2019 கோடையில் அதே சென்னையில் நான்கு ஏரியும் வறண்டு, ரயிலில் தண்ணீர் வந்தது. அதே மனைக்காரர் அதே லாரிக்குப் பணம் கொடுத்துக் காத்திருந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் விவசாயிகள் மழையை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். "ஒரு உழவு மழை பேஞ்சிருக்கு", "ரெண்டு உழவு மழை" என்பார்கள். நிலம் ஏர் பூட்டும் அளவு நனைந்ததா, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் அவர்கள் கணக்கு. சின்ன வயதில் இது துல்லியமில்லாத கணக்கு என்று நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. மழைமானி விழுந்ததை அளக்கிறது. உழவு மழை, விழுந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அளக்கிறது. இரண்டுமே தேவை. நகரத்துக்காரர்களாகிய நம்மிடம் முதல் அளவு மட்டும் இருக்கிறது. அந்த மாதத் தொலைக்காட்சிச் செய்திகளைத் தேடிப் பார்த்தால் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று மணிக்கொரு தரம் வரும். எத்தனை லிட்டர் மண்ணுக்குள் இறங்கியது என்று ஒரு தடவையும் வராது.

புகைபோக்கியும் விமானமும்

அடுத்தது மின் நிலையம். நம் நாட்டு நிலக்கரியில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். 210 மெகாவாட் அலகு ஒன்று முழு வீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி எரியும். ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் வரும். அதில் பெரும்பகுதி பவுடர் போன்ற பறக்கும் சாம்பல். இதைப் பிடிப்பதுதான் 'எலெக்ட்ரோஸ்டேடிக் பிரெசிபிடேட்டர்'. கலைச்சொல் அகராதியில் நீளமான தமிழ்ப் பெயர் இருக்கும். நிலையத்தில் எல்லோரும் இ.எஸ்.பி. என்பார்கள்.

கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் காட்ரெல் என்ற வேதியியல் பேராசிரியர், கந்தக அமிலப் புகையைப் பிடிப்பதற்காக 1907 வாக்கில் உருவாக்கிய முறை இது. பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் இடையே புகை போகும். சாம்பல் துகள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை சுத்தியல் தகட்டைத் தட்டும். சாம்பல் கீழே புனலில் விழும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் பிடித்துவிடும். புகைபோக்கியைப் பார்த்தால் புகையே தெரியாது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் பிடித்தது எங்கே? இருபது டன் லாரி என்றால் ஒரு அலகுக்கு நாளுக்கு ஐம்பது லாரி. புனலிலிருந்து காய்ந்த சாம்பலாகவே எடுத்துக்கொண்டால் சிமெண்ட் ஆலை வாங்கிக்கொள்ளும். போஸலானா சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. செங்கலும் அறுக்கலாம். அதே சாம்பலில் தண்ணீரைக் கலந்து குழாயில் தள்ளிவிட்டால் அது சாம்பல் குட்டை. பிறகு அதை வாங்க ஆள் குறைவு. குட்டை நிரம்பும், குழாய் கசியும். எண்ணூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீன்பிடிக்கிறவர்கள் வழக்குப் போட்டு, வருடக்கணக்காக நடந்தது. வானத்தில் விழ வேண்டியது ஆற்றில் விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உலோகவியல் நண்பர்கள் முகம் சுளிக்கும் முன் அவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், நான்கு சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினார். உடனே அளந்தபோது பெரிய கடினம் இல்லை. ஓரிரு நாள் கழித்து அதே துண்டை அளந்தால் கடினம் ஏறியிருந்தது. யாரும் தொடவில்லை, சும்மா கிடந்தே உறுதியாகியிருந்தது. ஏனென்று வில்முக்கே தெரியாது. 1919இல் தான் அமெரிக்காவில் மெரிகாவும் அவர் தோழர்களும் விளக்கம் சொன்னார்கள்: அலுமினியத்தில் தாங்க முடியாத அளவு கரைந்திருந்த செம்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளேயே பிரிந்து நிற்கிறது, அந்தத் துகள்கள் உலோகம் நெளிவதைத் தடுக்கின்றன. டூராலுமின் என்ற பெயரில் அது ஆகாயக் கப்பலுக்கும் பிறகு விமானத்துக்கும் எலும்புக்கூடாயிற்று.

இங்கே எதுவும் கீழே விழவில்லை, கவனித்தீர்களா? பெயர்தான் பிரெசிபிடேஷன். பிரிந்து வந்த துகள் இருந்த இடத்திலேயே நின்று வேலை செய்கிறது. கழிவு என்று எதையும் வெளியே தள்ளவில்லை. எனக்கு இந்தச் சொல்லின் பயன்களில் மிகவும் பிடித்தது இதுதான். பிரிவது எங்கே நிற்க வேண்டும் என்பதும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட ஒரே இடம் இது.

பாலாற்றங்கரையில்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிட குரோமியம் உப்பு பயன்படுகிறது. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் எடுத்துக்கொள்ளும். மீதி, பச்சை நீலமாகத் தண்ணீரோடு வெளியே வரும். பாலாற்றங்கரையில் கிணறுகள் கெட்டுப்போன கதை உங்களுக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு இல்லாமல் தோல் தொழிற்சாலை ஓடக் கூடாது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அது ஒரு மைல்கல்.

சுத்திகரிப்பு என்றால் என்ன செய்கிறோம்? காரம் சேர்க்கிறோம். குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிகிறது. மேலே தெளிந்த நீர், கீழே சேறு. சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் பலகை பலகையாக வரும்; அதற்குத் தொழிற்சாலைப் பாஷையில் 'கேக்' என்று பெயர். பார்க்கத்தான் கேக்.

சில வருடம் முன்னால் ஒரு ஊரில் ஒரு நிலையத்தின் சோதனை ஓட்டத்துக்குப் போயிருந்தேன். முதலாளி, அதிகாரிகள் எல்லோரும் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். எல்லோரும் போன பிறகு, முப்பது வருடமாகப் பிரஸ் ஓட்டும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "தண்ணி தெளிஞ்சிருச்சு தம்பி, சரி. இந்தக் கேக்கை யாரு வாங்கிக்குவா?" என்றார். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். வேறொரு அலுவலகத்தில் தயாரான வரைபடம் அது. பிரஸ்ஸிலிருந்து ஒரு அம்புக்குறி புறப்பட்டு, 'டிஸ்போசல்' என்ற சொல்லோடு காகிதத்தின் ஓரத்தில் போய் முடிந்தது. அதற்கப்புறம் காகிதமே இல்லை.

காகிதம் முடிந்த இடத்தில் என்ன இருக்கும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31ஆம் தேதி, சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? தண்ணீரைச் சுத்தம் செய்ததால் வந்தது. நதியில் போகாமல் நாம் வெற்றிகரமாக விழ வைத்த பொருள்தான் அது. விழ வைத்தோம். இடம் வைக்கவில்லை.

இதே குரோமியத்துக்கு இன்னொரு முடிவும் உண்டு. பதனிட்டு மிஞ்சிய குரோம் நீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனிக் குழாயில் பிடிக்க வேண்டும். அதில் மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடு கெட்டியாகச் சில மணி நேரத்தில் படிந்துவிடும். மேல்நீரை வடித்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடும் உப்பு. அடுத்த லாட் தோலுக்கே போடலாம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல காலமாக எடுத்துச்சொல்லும் முறை இது. ஆனால் சுண்ணாம்பும் முடியும் உப்பும் கலந்த பொதுக் கால்வாயில் அந்த நீரை விட்டுவிட்டால், அதே வீழ்படிவு அபாயகரமான கழிவு. பிறகு அதற்குக் காவல் வைத்த நிலம்தான் வேண்டும்.

இரண்டிலும் வேதியியல் ஒன்றுதான். சோதனைக்குழாயில் வித்தியாசம் தெரியாது. ஒன்று சரக்கு, மற்றொன்று சவம். வித்தியாசம் ஒரு குழாயில் இருக்கிறது, கலக்கும் முன்னால் பிடித்தோமா என்பதில் இருக்கிறது.

இப்போது மற்றவற்றைத் திரும்பிப் பாருங்கள். கூரையில் விழுந்த மழையைக் கூரையிலேயே பிடித்தால் குடிநீர். தெருவில் சாக்கடையோடு கலந்தால் வெள்ளம். சாம்பலைக் காய்ந்தபடி பிடித்தால் சிமெண்ட். தண்ணீரோடு கலந்தால் குட்டை. மழைக்கும் சாம்பலுக்கும் குரோமியத்துக்கும் ஒரே விதி. விழுவது இயற்கை அல்லது வேதியியல். விழுந்தது செல்வமா தொல்லையா என்பதை முடிவு செய்வது பொறியியல். நமக்குச் சம்பளம் கொடுப்பது அந்த இரண்டாவது வேலைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பெரியவர் நிலையத்தில் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குரோம் நீருக்குத் தனிக் குழாயும் தனித் தொட்டியும் போட்டார்கள். செலவு கொஞ்சம் ஆனது. முதலாளி முதலில் தயங்கினார். திரும்பக் கிடைத்த உப்பின் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் சம்மதித்தார். மீதிச் சேற்றுக்குக் கூரை போட்ட கிடங்கும், எடுத்துப் போக ஒப்பந்தமும் ஆயிற்று. பெரியவர் இன்னும் "உன் கேக் எப்படி தம்பி" என்றுதான் கேட்பார்.

மூன்று வேண்டுகோள்

சாப்பாட்டு மணி நெருங்குகிறது. மூன்று சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஒன்று, மாணவர்களுக்கு. உங்கள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் எந்த அம்புக்குறியும் காகிதத்தின் ஓரத்தில் முடியக் கூடாது. 'டிஸ்போசல்' என்று எழுதினால், எத்தனை கிலோ, எந்த வண்டியில், எந்த ஊருக்கு, யார் கையெழுத்து என்று அடுத்த வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் டிசைன் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இரண்டு, பேராசிரியர்களுக்கு. எந்தக் கல்லூரியிலும் உப்புப் பகுப்பாய்வு முடிந்ததும் சோதனைக்குழாய் போய்ச் சேரும் இடம் சிங்க். அதில் காரீயம் இருக்கிறது, குரோமேட் இருக்கிறது, வெள்ளியும் இருக்கிறது. ஒவ்வொரு மேஜைக்கும் மூடியுள்ள மூன்று ஜாடி வைத்தால் போதும். வெள்ளியைத் திரும்ப எடுப்பதே மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்முறைப் பயிற்சி. ஜாடிகளின் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. என் தோழர்களைக் கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று, சங்கத்துக்கு. விடுதிக் கூரைகளில் 1,000 சதுர மீட்டர் எடுத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் மழைக்குப் பத்தாயிரம் லிட்டர். 2003லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் மறுமுனை எங்கே போகிறது என்று இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்துவிடுவோம். வடிகட்டித் தொட்டியில் மணல் அடைத்திருந்தால் தூர் வார ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் மண்வெட்டியோடு வருகிறேன்.

அவசரமாக விழுவதுதான் பிரெசிபிடேஷன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கும் அவசரம் எனக்குத் தெரிகிறது.